பதினான்கு திதிக்காரர்களும் ஒரு குடிகாரரும்

பூதலிங்கம் பிள்ளை போன மாசியில் காலமானார். வயது அறுபத்துமூன்று. நெஞ்சுவலி. ஈரலில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மகன் அழகியநம்பி அதை இரண்டாம் தடவையும் கேட்டு உறுதிசெய்துகொண்டான். அவன் மின்சார இலாகாவில் ஓவர்சியர்; எதையும் இரண்டு தடவை அளந்து பழகியவன்.

துஷ்டிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு ஆட்கள். அது எதிர்பார்த்ததுதான். மீதிப் பாதி ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக் கிழவர்கள். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருமுனையில் வரிசையாக நின்றார்கள். இரண்டு பேர் வாய்விட்டே அழுதார்கள். ஓர் அரிசி மில் பிட்டருக்காக இவர்கள் ஏன் அழவேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பதில் சொல்லப் பதிமூன்று வருடம் பின்னால் போகவேண்டும்.

அப்போது பிள்ளைக்கு ஐம்பது. மில் தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்தது. அதன் ஆயில் எஞ்சின் அவர் பொறுப்பு. தெருவில் வரும்போதே சத்தத்தைக் கேட்டு எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். காலை ஏழு மணிக்கு எஞ்சினை ஓட்டினால் மாலை ஆறு மணிக்கு நிறுத்துவார். எஞ்சின் நின்றதும் பிள்ளை ஓடத் தொடங்குவார். மில் வாசலிலிருந்து தங்கப்பனின் கள்ளுக்கடைக்கு நூற்று நாற்பது எட்டு வைக்கவேண்டும். அங்கே கோலப்பன் காத்திருப்பான். கோலப்பன் மாட்டுவண்டி வைத்திருந்தவன், பிள்ளைக்கு ஊர்க்காரன். ஏழரைக்கு இருவரும் எழுந்து வருவார்கள். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நடப்பதால் இரண்டு பேரும் விழமாட்டார்கள்.

குடித்தால் பிள்ளைக்குச் சண்டை வராது, அழுகை வராது. தொழில்தான் வரும். ஒருநாள் வீட்டு ஆட்டுக்கல்லுக்குக் கிரீஸ் போட்டார். மறுநாள் இட்லியை நாய்கூட மோந்துபார்த்துவிட்டுப் போயிற்று. மனைவி பிச்சம்மாள் அதைப் பொறுத்தாள். இன்னொரு நாள் எதிர்வீட்டுத் தொட்டில் கிறீச்சிடுகிறது என்று, உள்ளே குழந்தை தூங்கும்போதே கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதையும் பொறுத்தாள்.

பொறுக்க முடியாதது நாகர்கோவில் பக்கம் கோட்டாற்றில் நடந்தது. பிச்சம்மாளின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த நேரம். கெட்டிமேளம் என்று ஐயர் கை உயர்த்தினார். பிள்ளை பந்தலின் பின்வரிசையிலிருந்து எழுந்து நேரே நாதஸ்வரக்காரரிடம் போனார்.

“நிறுத்தும் வே. நாக்கிங் சத்தம் கேக்குது. உள்ள வால்வு தேஞ்சு கிடக்கு.”

நாதஸ்வரக்காரரின் வாயிலிருந்து வாத்தியத்தை உருவி, சீவாளியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாப்பிள்ளை தாலி கட்டியபோது கேட்டது தவில் மட்டும். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. தவில்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிச்சம்மாள் திருவனந்தபுரம் திரும்பவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் நின்று, பஸ்ஸுக்குக் கிளம்பிய புருஷனிடம் சொன்னாள்:

“தொண்ணூறு நாள் தொடாம இருங்க. பொறவு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. ஒருநாள் கொறஞ்சாலும் மொதல்ல இருந்துதான்.”

“என் வாக்கு, பிச்சு.”

“உங்க வாக்கு எங்கிட்ட ஏழெட்டுக் கெடக்கு. வேண்டாம். ஸ்ரீவராகத்துப் பக்கம் குடியை விடவைக்க ஒரு சபை இருக்காம். பொட்டுக்கடலை மடிச்ச தாள்ல நோட்டீஸ் பாத்தேன். அவுங்க கையெழுத்துப் போட்ட காகிதம் கொண்டு வாங்க.”

பிள்ளை சபையைத் தேடினார். ஸ்டேஷன் போர்ட்டரிடம் கேட்டார், தெரியவில்லை. தபால்காரரிடம் கேட்டார், அந்தப் பேருக்குக் கடிதமே வருவதில்லை என்றார். கோட்டைக்குள் ஒரு புத்தகக் கடைக்காரர், “குடிக்கிறதுக்கா, விடுறதுக்கா?” என்று விசாரித்து, இரண்டுக்கும் தனக்கு வழி தெரியாது என்றார். நாலாம் நாள் மாலை வழக்கமான இடத்தில் உட்கார்ந்து தங்கப்பனிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“எந்தா அண்ணாச்சி, இதை முன்னமே எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாயிருந்நோ?” என்றான் தங்கப்பன். “சேஷன் சாமியோட வீட்டு மாடி. ஆண்டுவிழாவுக்குப் பெஞ்சு நம்ம கடையிலேர்ந்நுதானே போகும். கறை பட்டிருக்கும், அவங்க மேல ஜமக்காளம் விரிச்சுக்குவாங்க.”

அடுத்த ஏகாதசியன்று பிள்ளை மாடி ஏறினார். சபை ஏகாதசிக்கு ஏகாதசிதான் கூடும். அன்று யாருக்கும் ராத்திரிச் சாப்பாடு இல்லை. வீட்டில் உட்கார்ந்து பசியை நினைப்பதைவிடக் குடியை எதிர்ப்பது மேல். சேஷன் காரியதரிசி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சுவரில் ஈரலின் படம் மாட்டி, பிரம்பால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே பதின்மூன்று பேர், விபூதியும் அங்கவஸ்திரமுமாக.

“வாரும் வாரும். அங்கத்தினராச் சேரணுமா? பிரசங்கம் பண்ணுவீரா, நோட்டீஸ் கொடுப்பீரா?”

“அது ரெண்டும் இல்ல சாமி. நான் குடிக்கிறவன்.”

பிரம்பு ஈரலின் மேலேயே நின்றுவிட்டது. சபை தொடங்கி ஒன்பது வருடம். பதினான்கு அங்கத்தினர். ஒருவரும் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் ‘இவ்வருடம் குடியை விட்டவர்கள்: இல்லை’ என்று ஒரு வரி அச்சாகும். அதை நீக்கிவிடலாமா என்று போன கூட்டத்தில்தான் விவாதித்திருந்தார்கள். இப்போது மாடிப்படி ஏறி ஒருவர் தானாகவே வந்து நிற்கிறார்.

நாகேஸ்வரன் எழுந்து தன் பாயை விட்டுக்கொடுத்தார். கோயில் காரியாலயத்தில் குமாஸ்தா அவர். யாருக்கும் எளிதில் இடம் தருகிறவரல்ல. ராமசுப்ரமணியன் என்ற வக்கீல் குமாஸ்தா கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

“பிள்ளைவாள், தப்பா நினைச்சுக்கப்படாது. அது எப்படி இருக்கும்? கசக்குமோ?”

“காலையில எறக்கினது தித்திக்கும். அந்திக்குப் புளிக்கும்.”

“நம்மாத்துப் பழையது மாதிரியா?”

“அதுல சத்தம் கிடையாது. இது கலயத்துல நொரச்சுக்கிட்டுச் சின்னதாப் பேசும்.”

“பேசுமோ,” என்றார் ராமசுப்ரமணியன், மெதுவாக. சேஷன் தொண்டையைச் செருமி, அன்றைய பிரசங்கத்தைத் தொடர்ந்தார். சாராயமும் கள்ளும் ஒன்றே என்று அவர் சொன்ன இடத்தில் பிள்ளை மரியாதையாகக் கை தூக்கி, இல்லை என்றார். சேஷன் அதைக் குறித்துக்கொண்டார். ஒன்பது வருடமாக அவருடைய பிரசங்கத்தை யாரும் திருத்தியதில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது பிள்ளைக்குத் தாகமே இல்லை. ஆறாம் நாள் வந்தது. குடித்தார்.

அடுத்த ஏகாதசிக்கு வந்து அதையும் சொன்னார். சபையில் துக்கம். கண்டனத் தீர்மானமா, அனுதாபத் தீர்மானமா என்று ஓட்டெடுத்தார்கள். ஏழுக்கு ஏழு. சேஷன் காரியதரிசி என்ற முறையில் இன்னொரு ஓட்டை அனுதாபத்துக்குப் போட்டார். தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார்கள். பிள்ளையும் எழுந்து நின்றார். முடிந்ததும் சொன்னார்:

“சாமிமாரே, எஞ்சினுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் எண்ணெ விட்டா ஓடுமா? எனக்குத் தாகம் தினம் ஆறு மணிக்கு. ஏழரைக்குப் போயிரும். அந்த ஒண்ணரை மணி நேரம் யாராவது கூட இருந்தா நான் தாண்டிருவேன். பாட்டு, பிரசங்கம் ஒண்ணும் வேண்டாம். ஆள் வேணும்.”

இந்த யோசனை யாருக்கும் வந்ததில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் ஈரல் படத்தைப் பார்த்தார்கள். பிறகு சேஷன் காகிதமும் பென்சிலும் எடுத்தார். முறை வைப்பது என்று முடிவாயிற்று. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர் என்று போடலாமே என்றார் பிள்ளை.

“ஓய், திங்கள் செவ்வாயெல்லாம் ஆபீசுக்கு,” என்றார் சேஷன். “விரதத்துக்குத் திதிதான்.”

பிரதமை முதல் பௌர்ணமி வரை பதினைந்து திதி. ஏகாதசி எல்லோருக்கும் பொது. மீதி பதினான்கு. அங்கத்தினரும் பதினான்கு. கணக்கு இப்படிப் பொருந்தியதைத் தெய்வச் செயல் என்றார் சேஷன். அஷ்டமியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அன்று நல்ல காரியம் தொடங்கக் கூடாது. குடியை விடுவது தொடக்கமா, முடிவா என்று அரைமணி வாதம் நடந்தது. கடைசியில் வயதில் இளையவரான ஸ்ரீகண்டன் தலையில் அது விழுந்தது.

அமாவாசை கழிந்த வியாழக்கிழமை, பிரதமை, தொண்ணூறு நாளின் முதல் நாள். மாலை ஆறு மணிக்கு எஞ்சின் நின்றது. மில் வாசலில் ஓர் ஐயர் குடையோடு நின்றார்.

அதுமுதல் தினம் ஒருவர். ஒருவர் கோயிலைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போனார். ஒருவர் வீட்டுக்குக் காய்கறிப் பை தூக்க வைத்தார். ஒருவர் பேசவே மாட்டார். பிள்ளைக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்தது. நாகேஸ்வரன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நாலு வருடமாக நின்றிருந்தது. பிள்ளை அதை ஓட வைத்தார். அதன்பின் ஸ்ரீவராகத்தில் நின்றுபோன கடிகாரம், இறுகிப்போன கிணற்று ராட்டினம், திருகாத பூட்டு எல்லாம் அந்தந்தத் திதிக்காகக் காத்திருந்தன. ‘துவாதசியன்னைக்குப் பிள்ளைவாள் வருவார், அதுவரை பூட்டைத் தொடாதே’ என்று வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

தங்கப்பன் கடை வாசலில் நின்று பார்ப்பான். “இன்னைக்கு ஏது சாமி?” என்பான். “சதுர்த்தி,” என்பார் பிள்ளை, நிற்காமல்.

ஐம்பது நாள் ஆகியிருக்கும். ஒரு மாலை மில் வாசலில் இரண்டு குடை நின்றன. ஒன்று ராமசுப்ரமணியனுடையது, மற்றது நாகேஸ்வரனுடையது.

“ஷஷ்டி. என் முறை,” என்றார் ராமசுப்ரமணியன்.

“ஷஷ்டி நேத்தே போயாச்சு. இன்னைக்கு சப்தமி. என் முறை.”

“எந்தப் பஞ்சாங்கத்துல ஓய்?”

“திருக்கணிதத்துல. ஆகாசத்தைப் பார்த்துக் கணிச்சது.”

“வாக்கியம் ரிஷிகள் சொன்னது. உம்ம ஆகாசம் அவாளுக்குத் தெரியாதோ?”

ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையை நடுவில் வைத்து மூவரும் கோட்டை வாசல் வரை போனார்கள். சூரியனின் கதி, சந்திரனின் கதி, நாகேஸ்வரனின் தாத்தா செய்த ஒரு தப்புச் சிராத்தம் எல்லாம் அவர் காதுக்கு இருபுறமும் பறந்தன. எட்டு மணிக்கும் அது முடியவில்லை. அன்று பிள்ளைக்குத் தாகத்தை நினைக்க நேரமில்லை.

மறுநாள் ஆறு மணி. எஞ்சின் நின்றது. வாசலில் ஒரு குடையும் இல்லை.

நின்றார். ஆறே கால். யாராவது சிராத்தத்துக்கோ துஷ்டிக்கோ போய்த் தாமதிக்கலாம். ஆறரை. மில் காவல்காரர் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனார். நூற்று நாற்பது எட்டுக்கு அப்பால் தங்கப்பன் விளக்கேற்றினான். யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. கோலப்பனின் சிரிப்பு. பிள்ளைக்கு நாக்கு வறண்டது. பிச்சம்மாள் ஞாபகம் வந்தது. அது போதவில்லை.

நடந்தார். நூற்று நாற்பது எட்டும் நடந்தார்.

“எந்தா, ஆரும் வந்நில்லயா அண்ணாச்சி?” என்றான் தங்கப்பன். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

கோலப்பன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். “இரும் வே. ஐம்பது நாள் ஐயரு, அம்பத்தோராம் நாள் மனுசன். தங்கப்பா, ஒரு கலயம் இங்க வையி.”

கலயம் வந்தது. நுரை இருந்தது. சின்னதாகப் பேசியது. பிள்ளை உட்காரவில்லை. அவருக்குள் தாகத்துக்குச் சமமாக இன்னொன்றும் ஏறிக்கொண்டிருந்தது. பிட்டருக்கு வரும் கோபம் அது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று நின்றுவிட்டது. எங்கே கோளாறு என்று தெரியவில்லை.

“இன்னைக்கு என்ன திதி?” என்றார்.

“கள்ளுக்கு ஏதுவே திதி?” என்றான் கோலப்பன்.

கல்லாப் பக்கத்துச் சுவரில் மலையாளப் பஞ்சாங்கம் ஒன்று தொங்கியது. தங்கப்பன் எடுத்துக்கொடுத்தான். மூவரும் விளக்கடியில் குனிந்தார்கள். பிள்ளை கரித்துண்டால் பெஞ்சிலேயே எழுதினார். நேற்று ராமசுப்ரமணியன் ஷஷ்டி என்று வந்தார், வாக்கியம். நாகேஸ்வரன் சப்தமி என்று வந்தார், திருக்கணிதம். இன்று வாக்கியத்தில் சப்தமி. ஆனால் அதற்குரிய நாகேஸ்வரன் நேற்றே வந்துபோய்விட்டார். திருக்கணிதத்தில் இன்று அஷ்டமி. ஆனால் அஷ்டமிக்காரர் ஸ்ரீகண்டன் வாக்கியக்காரர், நாளைக்குத்தான் வருவார்.

“அப்போ இன்னைக்கு ஆரோட நாள்?” என்றான் தங்கப்பன்.

“யாரோட நாளும் இல்ல.”

“அது எப்படிவே ஒருநாள் யாருக்கும் இல்லாமப் போகும்?” கோலப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “படிச்ச ஐயமாரு பதினாலு பேரு. ஒருத்தனுக்கு இது தெரியலையா? வாரும், கேப்போம்.”

“நீ குடி. நான் போறேன்.”

“எளவு, குடிச்சா வழியில மறந்துரும். வந்து குடிக்கேன்.” தன் கலயத்தின் மேல் ஒரு இலையை மூடிவைத்துவிட்டு எழுந்தான்.

ஸ்ரீவராகம் வரை கோலப்பன் பஞ்சாங்கத்தைக் கையில் பிடித்து வேகமாக நடந்தான். பிள்ளைதான் மூச்சு வாங்கினார். சேஷன் வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே கடிகாரம் எட்டு அடித்தது.

சேஷன் கரிக்கணக்கைக் கேட்டார். தம் பஞ்சாங்கத்தை எடுத்தார். அடுத்த வீட்டிலிருந்து மற்றதை வரவழைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“உம்மைத் தனியா விட்டுட்டோமே, ஓய்.” பிறகு, கேட்கப் பயந்து, “போனீரோ?” என்றார்.

“போனேன். தொடல்ல.”

அரைமணியில் பதினான்கு பேரும் கூடிவிட்டார்கள். எந்தப் பஞ்சாங்கம் சரி என்பதை அன்றும் தீர்க்கவில்லை. அதை விவாதிப்பதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். சந்தேகமான நாளில் இரண்டு கட்சியும் ஆள் அனுப்பும். அப்போதுதான் நாகேஸ்வரன் வாசற்படியில் நின்ற ஆளைக் கவனித்தார்.

“நீர் யார்?”

“இவரு கூட வந்தவன்,” என்றான் கோலப்பன். கொஞ்சம் யோசித்தான். “குடிக்கிறவன்தான்.”

“இன்னொருத்தரா?” என்றார் சேஷன். உள்ளேயிருந்து மோர் வந்தது.

கோலப்பன் அந்தக் கலயத்துக்குத் திரும்பிப் போகவில்லை என்று சொன்னால் பொய். மறுநாள் போனான். அதன்பின் நாலு நாள் போகவில்லை, ஒருநாள் போனான். ஆனால் ஆறு மணிக்கு மில் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கத் தொடங்கினான். ஐயரும் பிள்ளையும் ஏறிக்கொள்வார்கள். கோலப்பன் தடுமாறிய நாளில் பிள்ளைதான் இரண்டு பேருக்கும் சேர்த்து உறுதியாக இருந்தார். நாட்களை எண்ணுவதைக்கூட விட்டுவிட்டார். சபை எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்றாம் அமாவாசையன்று மாலை சபை விசேஷமாகக் கூடியது. பூதலிங்கம் பிள்ளை தொண்ணூறு தினங்கள் மதுவைத் தொடாதிருந்தார் என்று சேஷன் மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார். கீழே பதினான்கு கையெழுத்து. இடம் போதாமல் நாகேஸ்வரன் ஓரத்தில் செங்குத்தாகப் போட்டார். கோலப்பன் தானும் போடுவேன் என்று பிடிவாதமாக நின்று கைநாட்டு வைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பிள்ளை நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார். காகிதம் சட்டைப்பையில். நெய்யாற்றின்கரை தாண்டியதும் சும்மா இருக்க முடியாமல் வாரக் கணக்குப் போட்டுப் பார்த்தார். தொடங்கியது வியாழன். பன்னிரண்டு வாரம், புதனோடு எண்பத்துநான்கு. பிறகு வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நேற்று திங்கள். எண்பத்தொன்பது.

திரும்பவும் எண்ணினார். அதேதான். சேஷன் திதியைத் தினமாக எண்ணிவிட்டார். ஆறு பட்சம், தொண்ணூறு திதி. ஆனால் திதி முழுநாளை விடக் கொஞ்சம் குட்டை. மூன்று மாதத்தில் அந்தக் கொஞ்சம் ஒரு நாளாகச் சேர்ந்துவிட்டது. பாறசாலையில் பஸ் நின்றது. இறங்கித் திரும்பலாம் என்று பார்த்தார். காகிதத்தில் தொண்ணூறு என்றுதான் இருக்கிறது, பதினான்கு பிராமணர் கையெழுத்தோடு, என்றும் பார்த்தார். பஸ் கிளம்பியது. அவர் எதையும் தீர்மானிக்கவில்லை.

பிச்சம்மாள் வாசலுக்கு வந்தாள். காகிதத்தை வாங்கினாள். எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். கையெழுத்துகளை விரலால் தொட்டு எண்ணினாள். உள்ளே திரும்பி, “மதினி, என் டிரங்குப் பெட்டியை எடுத்து வையுங்க, மத்தியானப் பஸ்ஸுக்குப் போகணும்,” என்றாள்.

“பிச்சு,” என்றார் பிள்ளை. “அதுல ஒருநாள் கொறையுது.”

அவள் காகிதத்தை மறுபடி பார்த்தாள். “தொண்ணூறுன்னுதான் போட்டிருக்கு.”

“அவுங்க எண்ணினது வேற கணக்கு. நான் எண்ணினா எண்பத்தொம்பது. இன்னைக்குச் சாயங்காலம் போனாத்தான் தொண்ணூறு.”

உள்ளே பெட்டியை இழுக்கும் சத்தம் நின்றது. பிச்சம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் தானாக முன்வந்து ஒரு கணக்கைக் குறைத்துச் சொன்னதில்லை.

“மதினி, பெட்டி இருக்கட்டும்,” என்றாள். “நாளைக்குப் போறோம்.” பிறகு அவரிடம், “காலைக் கழுவிட்டு உள்ள வாங்க.”

சாயங்காலம் ஆறு மணிக்கு அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். முருங்கை மரத்தடியில் இரண்டு மணை போட்டாள். முறத்தில் பயற்றங்காய் கொண்டுவந்து உரிக்க உட்கார்ந்தாள். ஆறரைக்குப் பிள்ளை எழுந்தார், உட்கார்ந்தார், வேலிவரை போய்வந்தார். அவள் முறத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் உரித்தார். பயறு எங்கெங்கோ தெறித்தது. அவள் பொறுக்கிப் பொறுக்கி முறத்தில் போட்டாள். அண்ணன் மகளின் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் வேலை மாறியிருக்கிறது, மதினிக்கு முழங்காலில் வீக்கம், பசு சினையாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை ‘உம்’ கொட்டினார்.

உள்ளே அண்ணன் வீட்டுக் கடிகாரம் ஏழரைக்கு ஒரு அடி அடித்தது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எந்திரிங்க. சாப்பிடலாம்.”